நானூற்றுப் பதினேழாம் கொக்கி

எங்கள் சபையில் கவலைக்கு நம்பர் உண்டு. எங்கள் வீட்டுக் கவலையின் நம்பர் நானூற்றுப் பதினேழு. வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், ஒன்பது வயது வரைக்கும்.

அந்த நம்பர் முதலில் அப்பாவுடையது. நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் இறங்குகிற ஒவ்வொருவருக்கும் நம்பர் வெட்டிய வட்டமான பித்தளை டோக்கன் ஒன்று கொடுத்திருந்தார்கள். ஆட்களைக் கயிற்றில் கீழே இறக்குகிற கூண்டான கேஜில் ஏறும் முன் அதை மேலே ஒரு பலகையில் அவரவர் கொக்கியில் மாட்ட வேண்டும். ஷிப்ட் முடிந்து வந்ததும் அவரவரே எடுத்துக்கொள்ள வேண்டும். டோக்கன் தொங்கினால் ஆள் கீழே, கொக்கி காலியானால் ஆள் மேலே, அவ்வளவுதான் கணக்கு. நான் கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு நாள் கீழே பாறை வெடித்து, தொழிலாளிகளின் லைன் வீடுகளில் பாத்திரமெல்லாம் உருண்டதாம். அம்மா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு சுரங்கக் குழி இறங்குகிற ஷாஃப்ட் வாசலுக்கு ஓடி, சாயங்காலம் வரை அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாளாம். அப்பா மேலே வந்து, நானூற்றுப் பதினேழை எடுத்து அவளுக்குத் தூக்கிக் காட்டிய பிறகுதான் அவளுக்கு அழுகையே வந்ததாம். விருந்தாளி யார் வந்தாலும் எங்கள் வீட்டில் இந்தக் கதை உண்டு. கேட்டுக் கேட்டு எனக்கு ஒன்று மட்டும் நன்றாகப் பதிந்திருந்தது. டோக்கனை எடுத்துவிட்டால் ஆள் பிழைத்தாயிற்று.

அந்தப் பலகைக்குப் பொறுப்பாக இருந்தவர் என் மாமா, அம்மாவின் அண்ணன். சுரங்கத்தை மூடியபோது எடுத்துப் போக ஆளாளுக்கு இரும்பைப் பார்த்தார்கள், மாமா பலகையைப் பார்த்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து சுவரோடு சாய்த்து வைத்துவிட்டு, அதை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச காலம் இருந்தார். கவலைப்பட வேண்டாம் என்கிற வசனத்தை எடுத்துப் போதகர் பிரசங்கம் செய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்கு வழி கிடைத்தது. பலகை சபைக்கு வந்தது, பிரசங்க மேடைக்கு இடது பக்கம் ஏறியது. யாருக்காவது மனதில் பாரம் இருந்தால் வீட்டு டோக்கனைக் கொண்டுவந்து மாட்டிவிட வேண்டும். மாட்டிய பிறகு அதைப் பற்றிப் பேசக் கூடாது, அது கர்த்தருடைய ஷிப்ட். காரியம் முடிந்ததும் டோக்கனை எடுத்துக்கொண்டு சபை முன்னால் சாட்சி சொல்ல வேண்டும். வேலை போய், பென்ஷனும் சரியாக வராமல், பெங்களூர் ரயிலில் தொங்கிக்கொண்டு பிழைப்பைத் தேடிய ஜனங்களுக்கு அது பிடித்துப்போனது. பிடிக்காமல் எப்படி இருக்கும்? கவலையை மாட்டி வைக்க ஒரு ஆணி கிடைத்தால் யாருக்குத்தான் கசக்கும்.

ஆனால் நல்லதாகத் தொடங்குகிற எதிலும் நாலு பேர் கண் விழாமல் இருக்காது. மூன்று வாரத்துக்கு மேல் ஒரு நம்பர் தொங்கினால் பெண்கள் பக்கத்தில் குசுகுசுப்பு ஆரம்பமாகிவிடும். அந்த வீட்டில் விசுவாசம் போதாது என்பார்கள். ஒரு பையன் விளையாட்டாக ஒரு டோக்கனை எடுத்துவிட்டான் என்று மாமா அவனை ஆராதனை முடிகிற வரை எல்லார் முன்னாலும் முழங்காலில் நிறுத்தினார். அவன் அம்மா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். என் அம்மா அன்று வீட்டுக்கு வந்தும் சோறு சாப்பிடவில்லை.

அம்மா கவலைப்படுவதற்கென்றே பிறந்தவள். அப்பா பெங்களூரில் ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி. விடியும் முன்னே முதல் ரயிலுக்குப் போய்விட்டு இருட்டிய பிறகு வருவார். ரயில் பத்து நிமிடம் தாமதமானால் அம்மா புடவை முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு வாசலில் நிற்பாள். அவள் புடவைகள் எல்லாவற்றிலும் முந்தானை ஓரம் நைந்து இருக்கும். அப்பா அதைச் சொல்லிக் கேலி செய்வார். அது வெறும் சுபாவம், அதற்கு மருந்து தேவைப்படவில்லை.

நான் நாலாவது படித்த வருடம் அவளுக்கு உண்மையான ஒரு கவலை வந்தது. மார்பில் ஒரு கட்டி. நர்ஸ் ஒருத்தி தொட்டுப் பார்த்துவிட்டு, பெங்களூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் டெஸ்ட் எடுக்கச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தாள். அடுத்ததற்கு அடுத்த வாரம் வியாழக்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். அப்பா எப்படியோ அன்றைக்கு லீவு வாங்கி வைத்திருந்தார். எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் லைன் வீட்டில் இருப்பதே ஒன்றரை அறை, அதில் ரகசியத்துக்கு இடம் ஏது. அம்மா அந்தச் சீட்டைப் பிரிப்பதும் மடிப்பதுமாக இருந்ததை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அவள் அண்ணியிடம் சொல்ல, அண்ணி மாமாவிடம் சொல்ல, மாமா வந்துவிட்டார். டோக்கனை மாட்டு என்றார். அம்மா சரி என்றாள். மாட்டிவிட்டு, வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்கும் போய் வருகிறேன் என்றாள். மாமா அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"கேஜுல ஏறினப்புறம் கயித்தையும் புடிச்சிக்கினு தொங்குவியா நீ?"

அப்பா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். மாமா சுரங்கத்தில் அவருக்கு மேலே இருந்தவர். சுரங்கம் மூடி ஐந்து வருடம் ஆகியும் அப்பா மாமா முன்னால் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்ததில்லை. திறந்த வாய் மூடிக்கொண்டது. அம்மா மட்டும், போய்விட்டு வந்துவிடுகிறேனே அண்ணா, என்று தரையைப் பார்த்துக்கொண்டே இன்னொரு தரம் சொன்னாள். அவள் மாமாவை எதிர்த்துப் பேசி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

அந்த ஞாயிறு நானூற்றுப் பதினேழு பலகையில் ஏறியது. ஆராதனை முழுவதும் நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாருக்கும் அது கர்த்தர் கையில் கொடுத்த பாரம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. டோக்கன் தொங்குகிறது, அப்படியானால் அம்மா கீழே இருக்கிறாள். வீட்டிலும் அது சரியாகத்தான் இருந்தது. கூப்பிட்டால் அவளுக்குக் காது கேட்கவில்லை, குழம்பில் உப்பு இல்லை, கை அடிக்கடி அக்குளுக்குப் போய்த் தடவிப் பார்த்துவிட்டு வந்தது. அந்த வாரம் வேறு இரண்டு வீட்டு நம்பர்கள் கொக்கியிலிருந்து இறங்கின. எங்கள் நம்பர் இறங்கவில்லை.

ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் சனிக்கிழமைதோறும் சபையைப் பெருக்கித் துடைப்பது வழக்கம். மற்றப் பெண்பிள்ளைகள் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் நான் பெஞ்சை இழுத்துப் போட்டு ஏறி டோக்கனை எடுத்துவிட்டேன். திருடுகிறோம் என்ற எண்ணமே எனக்கு இல்லை. எங்கள் வீட்டு நம்பர், எங்கள் வீட்டு ஆள், எடுத்தால் மேலே வந்துவிடுவாள். அந்தப் பையன் முழங்காலில் நின்றது மட்டும் ஞாபகம் வந்தது. அதனால் யாரிடமும் சொல்லாமல் பென்சில் டப்பாவில் போட்டு வைத்தேன். தகர டப்பா. நடந்தால் கடகடவென்று சத்தம் போட்டது.

மறுநாள் காலை காலிக் கொக்கியை முதலில் பார்த்தவர் மாமா. அவர் முகம் எப்படி மலர்ந்தது என்று எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது. தங்கை தானே வந்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள், சொல்லக் கூச்சப்படுகிறாள் என்று நினைத்தாரோ, கர்த்தரே இறக்கினார் என்று நினைத்தாரோ, அவரிடம் யாரும் கேட்கவில்லை. ஆராதனை நடுவில் எழுந்து, பெண்கள் பக்கம் திரும்பி, ஷாஃப்ட் வாசலில் கத்துகிற அதே குரலில் சொன்னார்.

"நானூத்திப் பதினேழு மேல வந்துடுச்சி. சாட்சி சொல்லும்மா."

அம்மா பலகையைப் பார்த்தாள். சபை முழுவதும் ஸ்தோத்திரம் என்றது. யாரோ பாட்டைத் தொடங்கினார்கள். அம்மா எழுந்து நின்றாள், முந்தானை பல்லில் இருந்தது. பிறகு அதை எடுத்துவிட்டு, கர்த்தர் என் கவலையை எடுத்துவிட்டார், எனக்கு இனிப் பயமில்லை என்று சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் குரல் திடமானது. உட்காரும்போது சிரித்தாள். இரண்டு வாரத்துக்குப் பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு. நான்தான் அம்மாவை மேலே கொண்டுவந்தேன் என்ற பெருமையில் எனக்குத் தரையில் கால் நிற்கவில்லை.

அன்று மத்தியானம் கறிக்குழம்பு. உப்பு சரியாக இருந்தது. அப்பா வியாழக்கிழமையைப் பற்றிக் கேட்டார். சாட்சி சொல்லிவிட்டு எந்த முகத்தோடு ரயில் ஏறுவது என்று அம்மா கேட்டாள். அது நியாயமான கேள்விதான். முதல் ரயிலில் பாதிப் பெட்டி எங்கள் சபை. யார் எங்கே இறங்குகிறார்கள், எந்த ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடிக்கிறார்கள் என்று சாயங்காலத்துக்குள் ஊர்க் கடைசியில் இருக்கிற பாலகாட் வரைக்கும் தெரிந்துவிடும். அப்பா, அப்போ லீவு வேணாம்னு சொல்லிடறேன் என்றார். அவர் தோள் கொஞ்சம் தளர்ந்ததை நான் பார்த்தேன். நிம்மதி என்று நினைத்தேன். நிம்மதியாகத்தான் இருந்திருக்கும், அதை நினைத்தால்தான் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

அடுத்த வருடம் மழைக்காலத்தில் அதே ரயிலில் அம்மாவை இரண்டு பேர் தாங்கிப் பிடித்து ஏற்ற வேண்டியிருந்தது. ஏன் முன்னாலேயே வரவில்லை என்று டாக்டர் கேட்டார். அப்பா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டுவதற்கு முன்பே அம்மா போய்விட்டாள். அடக்க ஆராதனையில் மாமா பேசினார். என் தங்கச்சி கவலையில்லாமல் போனாள், அதுவே பெரிய சாட்சி என்றார். எல்லாரும் ஆமென் என்றார்கள்.

நான் பள்ளிக்கூடம் முடித்துப் பியூசி படிக்கும்போது மாமாவுக்கு நெஞ்சு வலி வந்தது. அன்றைக்குக் கொக்கியைத் தேடி யாரும் போகவில்லை, காரைத் தேடித்தான் போனார்கள். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தவரைப் பார்க்கப் போனேன். ஆரஞ்சுப் பழம் உரித்துக் கொடுத்தேன். டாக்டர் நல்லவரா என்று கேட்டேன்.

"டாக்டர் கையிலயும் கர்த்தர்தாம்மா கீறாரு" என்றார்.

அந்த உபதேசம் எங்கள் வீட்டுக்கு வந்து சேர ஆறு வருடம் தாமதமாகிவிட்டது. நான் இன்னொரு சுளையைக் கொடுத்தேன். பேச எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது, கொக்கியைக் காலி செய்தவள் நான்தானே. இப்போது நானும் அதே முதல் ரயிலில்தான் பெங்களூர் வேலைக்குப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை சபைக்கும் போகிறேன். கவலைப்பட வேண்டாம் என்கிற வசனத்தோடு எனக்குச் சண்டை இல்லை. அதைச் சொன்னவர் ஆஸ்பத்திரிக்குப் போகாதே என்று எங்கேயும் சொல்லவில்லை. என் சண்டை அந்த ஆணிகளோடும், என் கையோடும்தான்.

ஒன்று சொல்லாமல் விட்டுவிட்டேன். சாட்சி சொன்ன அந்த ஞாயிற்றுக்கு மறுநாள், திங்கட்கிழமை. ஞாயிறு சாயங்காலத்தில் என் பென்சில்களை எல்லாம் பிளேடால் சீவி வைப்பது அம்மாவின் வேலை. அந்த வாரமும் சீவி வைத்திருந்தாள், எல்லாம் ஊசி மாதிரிக் கூராக இருந்தன. நான் டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். பாதி வழியில்தான் கவனித்தேன், சத்தம் வரவில்லை. டோக்கன் போய்விட்டதோ என்று பயந்து திறந்து பார்த்தேன். இருந்தது. ஒரு சின்னத் துணித்துண்டில் இறுக்கிச் சுற்றி, நூலால் கட்டியிருந்தது. ஊதாப் பூப்போட்ட நூல் புடவையின் முந்தானை ஓரம், நன்றாகக் கடித்து நைந்தது.

வியாழக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது, சொன்ன சாட்சியைத் திருத்திவிட்டு அம்மா ரயில் ஏறியிருக்கலாம். ஆனால் அந்த டோக்கன் பலகைக்குத் திரும்பினால், எடுத்தது யார் என்று மாமா கேட்பார். யாரை முழங்காலில் நிறுத்துவார் என்பதும் அம்மாவுக்குத் தெரியும். இதெல்லாம் இன்றைக்கு நான் போடுகிற கணக்கு. ஒன்பது வயதில் எனக்கு ஒரே ஒரு காரணம்தான் தோன்றியது. நான் செய்தது சரி, அதனால் கர்த்தரே என் ரகசியத்தைச் சத்தம் போடாமல் கட்டி வைத்திருக்கிறார்.

அன்று சாயங்காலம் குடும்ப ஜெபத்தில் என் முறை வந்தபோது, மறைவாகச் செய்த ஒரு காரியத்துக்காக ஸ்தோத்திரம் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். பக்கத்தில் முழங்காலில் இருந்த அம்மா ஆமென் சொன்னாள்.