ஷாலின் ஆண்டவருக்குக் கொடுத்த தண்ணீர்

ஜெபமணிக்கு ஞாயிறு பள்ளி என்றால் உயிர். வாரமெல்லாம் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக் கம்பெனியில் லைனில் நின்று கால் வீங்கிப்போனாலும், ஞாயிற்றுக்கிழமை பென்னலூர் ஜெபவீட்டுக்கு முதல் ஆளாக வந்து நிற்பாள். கல்யாணம் கூடிவராத குறையைக்கூட அங்கே பாடம் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகளிடம்தான் மறந்தாள்.

அது 2003ஆம் வருடக் கோடை. ஏரி வறண்டு வெடித்துக் கிடந்தது. லாரித் தண்ணீர் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. சபையில் மழைக்காக உபவாச ஜெபம் நடந்தது. பிள்ளைகள் பாவம், எதற்கென்றே தெரியாமல் கொட்டாவி விட்டுக்கொண்டு முழங்காலில் நின்றன. அதைப் பார்க்கப் பொறுக்காமல் ஜெபமணி ஸ்டவ்வைப் பற்றவைத்துத் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, ஆவியின்மேல் ஒரு எவர்சில்வர் தட்டைப் பிடித்தாள். தட்டின் அடியில் முத்து முத்தாக நீர் கோத்தது.

"வெயில் பட்டா தண்ணி கண்ணுக்குத் தெரியாம மேல போவுது. காத்துல ஈரமா கலந்து நிக்கும். இன்னும் மேல போனா குளிரு. அங்க ஒண்ணா சேந்து மேகமாவுது. இத்தெல்லாம் யாரு பண்றது?"

"இயேசப்பா!"

அதோடு விட்டிருக்கலாம். அன்றைக்குப் பாஸ்டர் காணிக்கையைப் பற்றிப் பேசியிருந்தார். ஜெபமணி சும்மா இருக்காமல் அதையும் பாடத்தில் சேர்த்தாள். "நாம குடுக்கறத ஆண்டவர் வெச்சிக்கவே மாட்டாரு. நூறு மடங்கா திருப்பிக் குடுப்பாரு. தண்ணியும் அப்டித்தான்." நல்ல மனசோடு சொன்ன பேச்சுதான். நல்ல மனசு எத்தனை வீட்டைக் கெடுத்திருக்கிறது!

முன்வரிசையில் இருந்த ஷாலினுக்கு ஏழு வயது. அவள் வீட்டில் கைக்குழந்தைத் தம்பிக்கு வயிற்றுப்போக்கு. காய்ச்சி ஆறிய தண்ணீரில் உப்புச் சர்க்கரைப் பொடி கலந்து விடாமல் கொடுக்கச் சொல்லியிருந்தார் நர்ஸம்மா. லாரி வரவில்லை. இருந்த ஒரு குடம் நல்ல தண்ணீரைக் காய்ச்சி மூடிவைத்துவிட்டு, இராத்திரியெல்லாம் கண்விழித்த அம்மா லீதியாள் அன்று மத்தியானம் அசந்து தூங்கினாள்.

அந்தத் தண்ணீரைத்தான் ஷாலின் சொம்பு சொம்பாக மொண்டுபோய், பின்பக்கம் வெயிலில் காய்ந்த தகரத்தின்மேல் ஊற்றினாள். கொதிக்கிற தகரம் ஊற்ற ஊற்றக் குடித்தது. ஜெபவீட்டுக்கு ஓடிவந்து ஜெபமணியிடம் மூச்சிரைக்கச் சொன்னாள்: "டீச்சர், எங்க வூட்டுத் தண்ணிய ஆண்டவருக்குக் குடுத்துட்டேன்! சொட்டுகூட இல்ல, மேல போயிடுச்சி!"

தம்பியின் சீக்கு ஜெபமணிக்குத் தெரியாது. பூரித்துப்போய்ப் பிள்ளையைக் கட்டி முத்தம் கொடுத்தாள்.

கண்விழித்த லீதியாள் காலிக் குடத்தைப் பார்த்தாள். பூனை தட்டிவிட்டதோ என்னவோ, யோசிக்க நேரமில்லை. குழந்தை நாக்கு வறண்டு கிடந்தது. கம்பெனி மதில் ஓரத்துக் குட்டைத் தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் காய்ச்சாமலே கொடுத்தாள். மறுநாள் பெரியாஸ்பத்திரிக்குப் போகும் வழியில், ஷேர் ஆட்டோவிலேயே குழந்தையின் மூச்சு அடங்கிவிட்டது.

புதைக்கும்போது வானம் கறுத்து, மழை பிடித்துக்கொண்டது. பாஸ்டர் கையை உயர்த்தி ஸ்தோத்திரம் சொன்னார். ஷாலின் ஜெபமணியின் புடவையை இழுத்தாள்.

"டீச்சர், நான் ஊத்தன தண்ணியா இது?"

குழிமேட்டில் உட்கார்ந்திருந்த லீதியாள் திரும்பினாள். "இன்னாடி ஊத்தன?"

காலிக் குடம், குட்டைத் தண்ணீர் என்று சாவு வீட்டில் காதில் விழுந்ததெல்லாம் ஜெபமணிக்கு அப்போதுதான் விளங்கியது. இந்தப் பழி பிள்ளை தலையில் விழுந்தால் சாகிறவரைக்கும் இறங்காது. சட்டென்று ஷாலினின் வாயைப் பொத்தினாள்.

"குடத்துத் தண்ணிய ஊத்தச் சொன்னது நான்தான்க்கா. புள்ளைய ஒண்ணும் சொல்லாதீங்க."

லீதியாள் அடிக்கவில்லை, ஏசவில்லை. முகத்தில் மழை வழிய, "எதுக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

ஜெபமணியின் பிடி தளர்ந்ததும் ஷாலின் அந்தக் கையை விலக்கிவிட்டு அவளே பதில் சொன்னாள்.

"தம்பிக்கு நெறைய தண்ணி வரட்டும்னுதாம்மா."