மாமனாரின் இரண்டாவது இதயம்

என் மாமனாருக்கு ஒரு இதயம் திருத்தணியில் இருந்தது. இன்னொன்று சென்னையில், நான் வேலை பார்க்கும் ஆய்வகத்தில். ரத்தத்தில் இருக்கும் செல்களை ஸ்டெம் செல்லாக மாற்றி, அதிலிருந்து இதயத் தசை வளர்ப்பது எங்கள் வேலை. மாரடைப்பில் பழுதான இதயத்துக்கு என்றாவது ஒருநாள் அதை ஒட்டுப் போடலாம் என்று நம்புகிறோம். யாராவது ரத்தம் தர வேண்டியிருந்தது. "நான் குடுக்கறேன் மாப்ள" என்று விசைத்தறியை நிறுத்திவிட்டு ரயிலேறி வந்தார்.

சில மாதங்களில், தட்டில் நகத்துணுக்கு அளவுத் தசை தானாகவே துடித்தது. செல்போனில் படம்பிடித்து வந்து திருத்தணி வீட்டில் காட்டினேன். மாமனார் தன் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார்.

"ரெண்டும் ஒத்துப் போவலையே. அது நிதானமா அடிச்சிகினு இருக்குது."

மாமியாரின் கவலை வேறு. "அதுக்கு இன்னாங்க சாப்பாடு?"

"சக்கர, உப்பு, வைட்டமின் கலந்த தண்ணி அத்தை."

"சக்கரயா? இவருக்கு சுகர் இருக்குதுன்னு தெரியாதா உங்களுக்கு?"

அவசரமாக விளக்கினேன். வேண்டாத செல்களை ஒழிக்க அந்த வாரம்தான் சர்க்கரையை நிறுத்தியிருந்தோம். இதயச் செல்கள் அது இல்லாமலும் தாக்குப்பிடிக்கும். மாமியார் கணவர் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா? அது சொன்ன பேச்சு கேக்குது."

அன்றோடு மாமனாரின் ஜிலேபி நின்றது. எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

பிறகு ஒருநாள் தட்டில் பூஞ்சை பிடித்துவிட்டது. மருந்து ஊற்றிக் கொட்ட வேண்டியதாயிற்று. வீட்டுக்கு வந்து, "மாமா, அது போயிடுச்சு" என்றேன்.

அவர் நேராகக் கொல்லைக்குப் போய்த் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். தீட்டு உண்டா என்று கேட்க ஈரத்தோடே ஐயருக்குப் போன் போட்டார்.

"தவறினது யாருங்க?"

"என் இதயம்தாங்க."

"பேசறது?"

"நான்தாங்க."

போன் கட்டாகிவிட்டது.

"நைனா ரத்தத்துல வேற எதுவும் மிச்சம் இல்லியா?" என்று மனைவி கேட்டாள்.

"ஸ்டெம் செல்லு நெறைய உறையவச்சிருக்கோம். திரும்ப வளர்க்கலாம்."

"இத மொதல்ல சொல்றதுக்கு இன்னா மாப்ள?" என்றார் மாமனார், நடுங்கிக்கொண்டே.

மறுநாள் காலை பக்கத்துத் தெருக்காரர் மாலையோடு வந்தார். இவர் இதயம் நின்றுவிட்டதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். மாமனாரே கதவைத் திறந்தார். வந்தவர் மாலையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

"ஆங், வாங்க" என்றார் மாமனார். "காபி சாப்ட்டுப் போங்க."