காதுக்குள் ஓடிய பிரஸ்

ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறி, வழக்கம்போல டிரைவரைக் கிண்டல் செய்ய வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. பஸ்ஸில் இருந்தவர்கள் அதையும் மிமிக்ரி என்று நினைத்துச் சிரித்தார்கள். வரவேற்பு நன்றாக இருந்ததால் நானும் ரொம்ப நாள் டாக்டரிடம் போகவில்லை. நீங்கள் அப்படி இருந்துவிடாதீர்கள்.

ஓசூரில் ஒரு பிரஸ் ஷாப்பில் எனக்கு வேலை. இரும்புத் தகட்டை அடித்து வண்டிக்கான பாகமாக்கும் இடம். அங்கே ஒன்று கத்த வேண்டும், இல்லையென்றால் கைஜாடை காட்ட வேண்டும். நான் இரண்டையும் சேர்த்தே செய்கிறவன்.

மூக்கு வழியாகக் கேமராவை விட்டுப் பார்த்த டாக்டரம்மா சொன்னார்: "குரல்நாண்ல பாலிப், அதாவது சதை வளர்ச்சி மாதிரி இருக்கு. எடுத்து பயாப்சிக்கு அனுப்பணும். ரிசல்ட் வந்தாதான் என்னன்னு உறுதியா சொல்ல முடியும். எடுத்தப்புறம் ஒரு வாரம் வாயே திறக்கக் கூடாது."

என் மனைவி ஸ்டெல்லா கேட்டாள்: "ஒரு வாரம்தானா மேடம்?"

மூவரும் சிரித்தோம். வெளியே வந்து வண்டியில் ஏறும்போது பார்த்தேன், அவள் ஹெல்மெட் வாரை மாட்ட முடியாமல் திணறிக்கொண்டிருந்தாள்.

ஆபரேஷன் முடிந்ததும் நல்ல பிள்ளையாகக் கிசுகிசுத்தேன். மெதுவாகப் பேசினால் கணக்கில் வராது என்பது என் எண்ணம். "கிசுகிசுன்னு பேசறதும் பேச்சுதாங்க. தொண்டையைச் செருமக்கூடாது" என்று டாக்டர் அந்தக் கதவையும் அடைத்தார்.

பிறகு பிரஸ் ஷாப் ஜாடைக்கு மாறினேன். உள்ளங்கையைக் கீழ்நோக்கி இரண்டு முறை அழுத்தினால் எங்கள் ஊழியர் எல்லோருக்கும் ஒரே அர்த்தம்: லைனை நிறுத்து. ஸ்டெல்லாவுக்கு அது 'இன்னொன்று வை' என்று தெரிந்திருக்கிறது. எட்டாவது தோசையில்தான் எங்களுக்குள் உடன்பாடு ஏற்பட்டது.

ஒரு மதியம், வீட்டில் யாருமில்லை. எங்கோ ஒரு மோட்டார் ஙொய்யென்று ஓடியது. நாங்கள் குடியிருக்கும் ஜூஜுவாடியில் லாரிச் சத்தம் ஓயாது, ஆனால் இது வேறு. மாடிக்குப் போய்ப் பார்த்தேன், பக்கத்து வீட்டுச் சுவரில் காதை வைத்தேன். கடைசியில் இரு காதையும் பொத்தினேன். சத்தம் கூடியது. மோட்டார் எனக்குள் இருந்தது.

மறுபரிசோதனையில் எழுதிக் காட்டினேன். "காதிரைச்சல்" என்றார் டாக்டர். "இது இப்ப வந்ததா இருக்காது. மிஷின் சத்தத்துல காது அடி வாங்கியிருக்கு. அதான் நீங்க எப்பவும் கத்திப் பேசறீங்க. கத்திக் கத்தித் தொண்டையும் கெட்டிருக்கு."

இத்தனை வருஷம் எனக்குள்ளேயே ஒரு பிரஸ் ஓடிக்கொண்டிருந்தது. அதைத் தாண்டித்தான் நான் உலகத்துக்கு ஜோக் சொல்லியிருக்கிறேன்.

அங்கேயே நர்ஸ் ரத்த அழுத்தம் பார்த்தார். எப்போதும் இருப்பதைவிடக் குறைவு. "அண்ணா, போன தடவையெல்லாம் நான் அளக்கறப்ப பேசிட்டே இருந்தீங்க. இன்னிக்குத்தான் ஒழுங்கா அளந்தேன்." என் ஜோக்குக்கு அவர் ஒருநாளும் சிரித்ததில்லை. என் ரத்தம் மட்டும் துள்ளியிருக்கிறது. தினமும் போடும் பிரஷர் மாத்திரையை நிறுத்தலாமா என்று எழுதிக் கேட்டேன். கூடாது என்றார் டாக்டர்.

ரிசல்ட் வரவில்லை. பயம் வந்தால் நான் அதைக் கேலி செய்து விரட்டுவேன், இப்போது அதற்கும் வழியில்லை. அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். இரைச்சல் முதலில் கேட்டது. அப்புறம் அதற்கு அடியில் நாடி. எச்சில் இறங்குவது. மூச்சு உள்ளே வந்து, திரும்புமுன் ஒரு கணம் நிற்பது. அந்தக் கணம் எத்தனை பெரியது என்று எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது.

எங்கள் ஷாப்பில் ஒரு வழக்கம் உண்டு. பிரஸ்ஸுக்குள் கை விட்டுப் பழுது பார்க்கிறவர் அதன் சாவியைத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொள்வார். அவர் வெளியே வரும்வரை மேனேஜரே வந்தாலும் மிஷின் ஓடாது. என் தொண்டைக்குள்ளும் யாரோ அப்படிக் கைவிட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஷிப்ட் கிடையாது, சூப்பர்வைசர் கிடையாது. சாவியைக் கொடு என்று மட்டும்தான் கேட்டார்கள். எனக்குப் புல்லரித்தது.

ரிசல்ட் வந்தது. கெட்ட சதை இல்லை. ஸ்டெல்லா காகிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு என் தோளில் சாய்ந்துகொண்டாள். எல்லோருக்கும் இப்படியே வரும் என்று உங்களிடம் சொல்ல எனக்குத் தகுதியில்லை. காத்திருக்கும்போது உடம்பு சும்மா இருப்பதில்லை என்பதை மட்டும் பார்த்தேன், அதைச் சொல்கிறேன்.

என் முதல் வார்த்தை என்னவாக இருக்கும் என்று ஷாப்பில் பந்தயமே நடந்ததாம். டாக்டர் "ம்னு சொல்லுங்க" என்றார். நெஞ்சில் கை வைத்து "ம்" என்றேன். உள்ளங்கை அதிர்ந்தது. பந்தயத்தில் ஒருவரும் ஜெயிக்கவில்லை.

குரல் கொஞ்சம் கரகரப்போடு திரும்பிவிட்டது. இரைச்சல் போகவில்லை, போகாமலும் இருக்கலாம். காதில் அடைப்பான் இல்லாமல் இப்போது ஷாப்புக்குள் போவதில்லை. தினமும் கொஞ்ச நேரம் சாவியை உடம்பிடம் கொடுத்துவிட்டு உட்கார்கிறேன். முன்பெல்லாம் ஒரு விடுமுறை நாளே கம்பெனி பஸ் மாதிரி சட்டென்று கடந்துபோகும். இப்போது ஒரு மூச்சுக்கே ஒரு மதியத்தின் நீளம் இருக்கிறது.

"என்னங்க, பேச்சையே காணோம்?" என்று நேற்று ஸ்டெல்லா கேட்டாள். கொஞ்சம் பொறு என்று உள்ளங்கையைக் கீழ்நோக்கி இரண்டு முறை அழுத்தினேன்.

தோசை வந்தது.