ஞாயிற்றுக்கிழமை சொன்ன சேதி

நிறுவனங்கள் மன்னிப்புக் கேட்கும் விதத்தைக் கவனிப்பது, மெல்பர்னில், கிளேட்டன் பல்கலைக்கழகத்தில் உணவுத் தொழில்நுட்பம் படித்த நாட்களிலிருந்தே என் பொழுதுபோக்கு. ஏதாவது ஒரு நிறுவனம் மாட்டிக்கொண்டால், அன்று மாலை அதன் தலைவர் தொலைக்காட்சியில் வருவார். டை இருக்காது. சட்டைக் கை முழங்கை வரை மடித்திருக்கும். பின்னால் யாராவது வேலை செய்துகொண்டிருப்பார்கள். நான் வாக்கியங்களைப் பிரித்து வைப்பேன். எது முதலில் வருகிறது, எது கடைசிக்குத் தள்ளப்படுகிறது, எந்தச் சொல் வரவே வராது என்று பார்ப்பேன். தவறு "நடந்துவிடும்"; அதை யாரும் செய்திருக்க மாட்டார்கள். இதை யார் எழுதிக் கொடுக்கிறார்கள், எந்த அறையில் உட்கார்ந்து எழுதுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கும்.

போன வருடம் அந்த அறைக்குள் நானே உட்கார்ந்தேன்.

ஸ்பிரிங்வேலுக்குப் பக்கத்தில், உறைய வைத்த பராட்டா செய்யும் தொழிற்சாலையில் நான் தரக்கட்டுப்பாடு பார்க்கிறேன். முதலாளி மன்னார்க்காரர். வேன் ஓட்டுபவர் முதல் கணக்கு எழுதுபவர் வரை எல்லோருக்கும் அவர் அங்கிள்தான். தேவாலயத்தில் ஞாயிறு தமிழ்ப் பூசையில் வேத வாசகம் வாசிப்பவர். மெல்பர்ன் தமிழர்களில் பாதிப் பேருக்கு அவர் குரல் தெரியும்.

எங்கள் பொதியில் புகார் சொல்ல ஒரு தொலைபேசி எண் உண்டு. தமிழர்கள் யாரும் அதில் அழைத்ததில்லை. பூசை முடிந்து மண்டபத்தில் தேநீருக்கு வரிசையில் நிற்கும்போது அங்கிளிடமே சொல்லிவிடுவார்கள். உப்பு அதிகம், போன முறை தடிப்பாக இருந்தது, ஏன் இப்போது அடுக்கடுக்காகப் பிரிந்து வருவதில்லை. அவர் "ஓம் அக்கா, பாக்கிறன்" என்பார். பாதி மறந்துவிடுவார். பாதியைத் திங்கட்கிழமை என்னிடம் சொல்வார். ஏன் அந்த எண்ணில் கூப்பிடுவதில்லை என்று ஒரு அன்ரியிடம் கேட்டிருக்கிறேன். "ஆளைத் தெரியும், பிறகென்னத்துக்கு நம்பர்?" என்றார்.

ஒரு வியாழக்கிழமை உணவுத் துறையிலிருந்து அழைத்தார்கள். கிளென் வேவர்லியில் பால் ஒவ்வாமை உள்ள ஒரு தமிழ்ச் சிறுமி, புதன்கிழமை எங்கள் பராட்டாவைச் சாப்பிட்டு மூச்சுத் திணறி, ஆம்புலன்ஸில் மருத்துவமனைக்குப் போயிருக்கிறாள். பிழைத்துக்கொண்டாள். எங்கள் பொதியில் பால் இல்லை என்று பெரிதாகவே போட்டிருந்தோம்.

களஞ்சியத்துக்குப் போய்ப் பார்த்தேன். பராட்டா மாவில் சேர்க்கும் வழக்கமான மாஜரின் தீர்ந்துபோனதால் விநியோகஸ்தர் வேறு வகையை அனுப்பியிருந்தார். அதே நிறப் பெட்டி, அதே அளவு. பக்கவாட்டில் சின்ன எழுத்தில் பால் பொருள் கலந்தது என்று இருந்தது. மாற்றுப் பொருள் வந்தால் எனக்குச் சொல்ல வேண்டும் என்பது விதி. பெட்டி ஒரே மாதிரி இருந்ததால் மாறியதே யாருக்கும் தெரியவில்லை. அன்றே எல்லாக் கடைகளிலிருந்தும் திரும்பப் பெற்றோம்.

வெள்ளிக்கிழமை காலை, எங்கள் மன்னிப்பு அறிக்கையை எழுதித் தர ஓர் ஆலோசகர் வந்தார். முன்பு தொலைக்காட்சிச் செய்தியாளராக இருந்த ஆஸ்திரேலியப் பெண். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. கேட்டதற்கெல்லாம் ஒளிக்காமல் பதில் சொன்னார்.

"முதல் வாக்கியத்தில் யார் வரவேண்டும்?" என்று கேட்டேன்.

"பாதிக்கப்பட்டவர். எப்போதும். இரண்டாவதில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது. உங்கள் வருத்தம் மூன்றாவதில், சின்னதாக. பெரிதாகப் போட்டால் ஆட்கள் உங்களைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்."

இரண்டாவது வாக்கியம் இப்படி அமைந்தது: புகார் கிடைத்த உடனேயே விற்பனையை நிறுத்தினோம். அங்கிள் அதைப் படித்துவிட்டு, தேநீரில் சீனியைக் கலக்கிக்கொண்டே, "ஞாயிற்றுக்கிழமை கோயிலில ஒரு அன்ரி சொன்னவதான். பிறந்தநாள் வீட்டில எங்கட பராட்டா சாப்பிட்ட ஒரு பிள்ளைக்கு உடம்பெல்லாம் தடிச்சுப் போச்சாம். நான் வேற என்னவும் சாப்பிட்டிருக்கும் எண்டு நினைச்சிட்டன்" என்றார்.

நான் மொழிபெயர்த்தேன். ஆலோசகரின் பேனா நின்றது.

"எழுத்தில் வந்ததா?"

"இல்லை."

"அந்த எண்ணுக்கு அழைத்தாரா?"

"இல்லை. தேநீர் வரிசையில்."

"அப்படியானால் அது புகார் அல்ல, பேச்சு." வாக்கியத்தைத் தொடவில்லை. அங்கிளின் முகம் தெளிந்தது. எது புகார், எது பேச்சு என்று எங்கே கோடு போடுவது என யோசித்துக்கொண்டே, எந்த நாளில் என்ன நடந்தது என்று நான் தனியாகக் குறித்துவந்த காலவரிசையில் ஞாயிறை முதல் வரியாகச் சேர்த்தேன். அறிக்கையின் கடைசியில் வழக்கமான ஒரு வரியும் இருந்தது: ஒவ்வாமை உள்ளவர்கள் பொதியில் உள்ள குறிப்பைக் கவனமாகப் படிக்கவும். அதை யாரும் இரண்டாம் முறை பார்க்கவில்லை. நானும்தான்.

திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டின்போது, பொதி கட்டும் பிரிவில் வேலை செய்யும் அக்கா தன் கைபேசியை நீட்டினார். தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழு. "லேபிளை வாசிக்காமக் குடுத்திட்டு இப்ப பராட்டாக்காரரில பழி." "போன் பாக்க நேரமிருக்கு, பொதி பாக்க நேரமில்லை." அதன் கீழே எங்கள் அறிக்கையின் கடைசி வரியை ஒருவர் ஆதாரமாக ஒட்டியிருந்தார். எங்கள் பெயரைக் காப்பாற்ற எழுதிய வரி அந்தச் சிறுமியின் தாயுடைய பெயரைக் கெடுத்துக்கொண்டிருந்தது.

அங்கிளிடம் காட்டினேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"பிள்ளை, வாரும். அந்தத் தாயின்ர வீட்டுக்குப் போவம்."

ஆலோசகர் தொலைபேசியில் தடுத்துப் பார்த்தார். எங்களுடன் வியாபாரத்தைத் தொடர்வதா என்று, எங்கள் பராட்டாவை அதிகம் விற்கும் சூப்பர்மார்க்கெட் அந்த வாரம்தான் முடிவெடுக்க இருந்தது. போவதென்றால் ஞாயிற்றுக்கிழமை பற்றி வாயே திறக்கக்கூடாது என்றார். அங்கிள் "யெஸ், யெஸ்" என்று வைத்துவிட்டு, காரை ஸ்பிரிங்வேல் கடைத்தெருவுக்கு விட்டார்.

"கையை வீசிக்கொண்டு போகேலாது," என்றார். கடைக்குள் நேராக இனிப்புப் பக்கம் போய் ஒரு பால்கோவாப் பெட்டியைத் தூக்கினார்.

"அங்கிள், பால்."

"அட கடவுளே." கேக் ஒன்றை எடுத்தார். நான் திருப்பிப் படித்துவிட்டுத் தலையாட்டினேன். பிஸ்கட். அதுவும் இல்லை. சாக்லேட் பக்கம் கை போனது, தானே இழுத்துக்கொண்டார். கடைசியில் ஆரஞ்சுகளுக்கு முன்னால் நின்றோம்.

"இதில லேபிள் இல்லைத்தானே?"

"இல்ல அங்கிள்."

"அப்ப இதுதான் சரி."

சிறுமி பள்ளிக்கூடம் போயிருந்தாள். தாய் கதவைத் திறந்தார். முப்பது வயது இருக்கும். அங்கிளைப் பார்த்ததும் முகம் இறுகியது. ஆனாலும் "வாங்கோ" என்றார். ஆரஞ்சுப் பையை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, உள்ளே போய்ப் பழைய பராட்டாப் பொதி ஒன்றை எடுத்து வந்து அதன் பக்கத்தில் வைத்தார்.

"நான் ரெண்டு தரம் வாசிச்சனான் அங்கிள். கடையில ஒருக்கா, குசினியில ஒருக்கா. என்ர கையாலதான் சுட்டுக் குடுத்தனான். இப்ப ஊரெல்லாம் நான் வாசிக்கேல்லையாம். சிட்னியில இருக்கிற மாமி என்னோட கதைக்கிறேல்ல. என்ர மனுசனோட மட்டும்தான் கதைக்கிறா."

அங்கிள் தொண்டையைச் செருமினார். "இந்த விசயத்தை நாங்கள் மிகவும் பாரதூரமாக எடுத்திருக்கிறம்..."

"அது நீங்கள் எழுதினதில இருக்கு. வாசிச்சிட்டன். நான் எல்லாம் வாசிக்கிறனான்." ஒரு கதிரையை இழுத்து எதிரே உட்கார்ந்தார். "எனக்கு ஒண்டுதான் தெரியவேணும். உங்களுக்கு எப்ப தெரியும்?"

அங்கிள் என்னைப் பார்த்தார். நான் என் கையைப் பார்த்தேன். கற்ற வாக்கியங்கள் அவரிடம் தயாராக இருந்தன. எனக்கும் அவை மனப்பாடம். இந்த இடத்தில் ஒரு தலைவர் என்ன சொல்வார் என்று எத்தனையோ முறை திரையில் பார்த்திருக்கிறேன். இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை.

"ஞாயிற்றுக்கிழமை," என்றார். தேநீர் வரிசை, அன்ரி, பிறந்தநாள் வீடு எல்லாவற்றையும் சொன்னார்.

"நான் செவ்வாய்க்கிழமை வாங்கினனான்."

தாய் தன் கைபேசியை அங்கிளின் முன்னால் நகர்த்தினார். "எழுதினா ஒருத்தரும் நம்பாயினம், நானே எழுதிப்போட்டு உங்கட பேரை வைச்சனான் எண்டுவினம். உங்கட குரல் எல்லாருக்கும் தெரியும். குழுவில பேசிப் போடுங்கோ. இப்ப."

முதல் முறை அங்கிள் எல்லாருக்கும் வணக்கம் சொல்லி, இறைவனுக்கு நன்றி சொல்லி, தொழிற்சாலை தொடங்கிய கதைக்குப் போய்விட்டார். தாய் அதை அழித்தார். இரண்டாம் முறை நன்றாகத்தான் வந்தது.

"ஞாயிற்றுக்கிழமை வரேல்ல," என்று அதையும் அழித்தார்.

மூன்றாம் முறை, வாசகம் வாசிக்கும் அதே நிதானத்தில் சொன்னார்: "அந்தப் பிள்ளையின்ர தாய் லேபிளை வாசிச்சவ. பிழையா இருந்தது எங்கட லேபிள். எனக்கு ஞாயிற்றுக்கிழமையே ஒரு ஆள் சொன்னவ, நான் கவனிக்கேல்ல. நான் கவனிச்சிருந்தா அந்தப் பொதி கடையில இருந்திருக்காது."

தாய் அதை ஒருமுறை போட்டுக் கேட்டார். அனுப்பினார்.

"ரீ குடிக்கிறீங்களா? பிளேன் ரீதான். வீட்டில பால் இல்லை," என்றார்.

அவர் தண்ணீர் கொதிக்க வைத்தபோது ஆலோசகர் என்னை அழைத்தார். வாசலுக்குப் போய் எடுத்தேன். மறைத்துப் பயனில்லை, அங்கிள் குழுவில் பேசிப் போட்டதை வாக்கியம் வாக்கியமாக மொழிபெயர்த்துச் சொன்னேன். நீண்ட மூச்சு ஒன்று கேட்டது.

"முதல் வாக்கியத்தில் யார்?"

"அந்த அம்மா."

"ஞாயிறு?"

"மூன்றாவதில்."

"சூப்பர்மார்க்கெட்டுக்கு நாமே முதலில் சொல்லிவிட வேண்டும். அவர்கள் வேறு வழியில் கேள்விப்படக்கூடாது. உன் காலவரிசையில் ஞாயிறு இருக்கிறதா?"

"முதல் வரியே அதுதான்."

"அனுப்பு," என்று வைத்துவிட்டார். அவர் குரலில் இருந்தது கோபமா, வேறொன்றா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. சூப்பர்மார்க்கெட் பல மாதங்கள் எங்கள் பொருளை எடுக்கவில்லை, பிறகு எடுத்தது.

உள்ளே திரும்பியபோது அங்கிள் கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார். தாய் ஆரஞ்சு ஒன்றை உரித்து, சுளைகளை ஒரு தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார். கைபேசி மேசையில் கிடந்து அதிர்ந்தது. நின்றது. மறுபடியும் அதிர்ந்தது.

அவர் திரையை எட்டிப் பார்த்தார்.

"மாமி கோல் எடுக்கிறா," என்றார். தட்டை எங்கள் பக்கம் தள்ளினார். "கொஞ்சம் அடிக்கட்டும். நீங்கள் சாப்பிடுங்கோ."