பன்னிரண்டு ஜெர்ஸியும் ஓர் இஸ்திரிப் பெட்டியும்

போன சனிக்கிழமை மத்தியானம் ஏழாம் நம்பரைப் பிடித்து இழுத்தேன்... ஒன்பதாம் நம்பரும் கூடவே வந்தது.

ஜெர்ஸியைச் சொல்கிறேன். கருநீல வாலிபால் ஜெர்ஸி, மொத்தம் பன்னிரண்டு. துவைத்து, காயவைத்து, ஈர வேட்டியை மேலே போட்டு பக்குவமாக இஸ்திரி போட்டு, சூடு ஆறுவதற்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தேன். அரை மணி கழித்துப் பார்த்தால் பன்னிரண்டும் ஒரே கட்டி! நம்பர் ஸ்டிக்கரெல்லாம் சூட்டில் இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. பிரிக்கப் பிரிக்க, மூன்றில் பாதி எட்டின் முதுகில். பதினொன்றில் ஒரு ஒன்றைக் காணவே காணோம்.

மறுநாள் காலை ஏழரைக்கு மாமல்லபுரத்தில் மேட்ச். நெஞ்சிலும் முதுகிலும் நம்பர் இல்லாமல் ரெஃப்ரி ஒருத்தரையும் கோர்ட்டுக்குள் விடமாட்டார்.

என் மனைவி கலா எட்டிப் பார்த்தாள்.

"இஸ்திரி போட்டீங்களா?"

"லேசா..."

"யாருங்க போடச் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. அதுதானே பிரச்சினை!

வாராவாரம் நான் எழுதும் இந்தப் பக்கத்தை விடாமல் படிப்பவர்களுக்கு என் வியாதி தெரியும். பதற்றம் வந்தால் இஸ்திரி போடுவேன். மகளின் ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று வீட்டிலிருந்த தலையணை உறை, கைக்குட்டை, ஏன், மிக்ஸியின் மேல் போடும் துணிவரை தேய்த்து முடித்தவன் நான். சிலர் நகம் கடிப்பார்கள், சிலர் ஃபிரிட்ஜைத் திறந்து திறந்து மூடுவார்கள். எனக்கு இது. போன வாரம் பதற்றத்துக்குக் காரணமும் இருந்தது.

காரணத்தைச் சொல்ல வேண்டுமென்றால் எங்கள் டீமின் கதையைச் சொல்ல வேண்டும். எங்கள் டீம் என்றால்... நிஜமாகவே எங்களுடையது. கொஞ்சம் எனக்கும் சொந்தம்.

செங்கல்பட்டுக்குக் குடிவருவதற்கு முன் நாங்கள் கருங்குழி. அங்கே ஒரு ரைஸ் மில் இருந்தது. மில் முதலாளிக்கு வாலிபால் பைத்தியம், வேலைக்கு ஆள் எடுக்கும்போதே உயரத்தைத்தான் பார்ப்பார். ஒருநாள் மில்லை மூடிவிட்டுப் போய்விட்டார். வேலை போனதைவிட, டீம் போனதுதான் பிளேயர்களுக்குத் தாங்கவில்லை. நெட்டைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் வந்து நின்றார்கள். பார்க்கக் கூட்டம் சேர்ந்தது. ஆளாளுக்கு உச்சுக்கொட்டினார்கள்.

கூட்டத்திலிருந்து மெஹருன்னிசா அக்கா மட்டும் முன்னால் வந்தார். அப்போதுதான் டெய்லர் கடை போட்டிருந்தார்.

"சும்மா உச்சு கொட்டிகினு இருந்தா ஆச்சா? எங்கிட்ட மிஷின் கீது. ஜெர்ஸி கிழிஞ்சா நான் தெச்சித் தரேன்" என்றவர், பக்கத்தில் நின்ற ஆளைப் பார்த்துக் கேட்டார். "நீ இன்னா தர?"

அந்த ஆள் முழித்துவிட்டு, கோர்ட்டுக்குச் சுண்ணாம்புக் கோடு போடுகிறேன் என்றார். அவர் பக்கத்து ஆளைக் கேட்டார். கேள்வி அப்படியே கூட்டத்தைச் சுற்றி வந்தது. ஒருத்தர் வேன். ஒருத்தர் முட்டை. கேள்வி என் அப்பாவிடம் வந்தபோது, அவர் கெத்தாக, "நாங்க தொவச்சித் தரோம்" என்றார்... அம்மாவை ஒரு வார்த்தை கேட்காமல்!

அன்றிலிருந்து அதுதான் சட்டம். எந்த வீடு வேலை செய்கிறதோ அந்த வீடு டீமின் ஓனர். பத்திரம் கிடையாது, ரசீது கிடையாது. முறை வரும்போது செய்யாவிட்டால் ஓனர்ஷிப் போச்சு. துவைக்கிற வீடுகள் மட்டுமே ஒரு டஜன், எங்களுக்கு சீசனில் ஒருதரம் வரும். அம்மா துவைத்தார். இப்போது நான். ஊரை விட்டு வந்து இத்தனை வருஷம் கழித்தும் கருங்குழியில் எனக்கு மிச்சமிருக்கும் ஒரே சொத்து அந்தப் பன்னிரண்டு ஜெர்ஸியின் அழுக்குதான்.

அதற்கும் போன மாசம் ஆபத்து வந்தது.

திருப்போரூர் பக்கம் ப்ளாட் போட்டு விற்கும் ஒரு ப்ரமோட்டர் எங்கள் மீட்டிங்குக்கு வந்தார். சிரித்த முகம், நல்ல பேச்சு. டீமைத் தன்னிடம் கொடுத்துவிட்டால் புது ஷூ, கோச், தனி பஸ் எல்லாம் தருவதாகச் சொன்னார். ஒரே கண்டிஷன், ஜெர்ஸியில் அவர் கம்பெனி பெயர். டீமுக்கும் அதே பெயர். "ஊரே சேர்ந்து ஒரு டீமை நடத்த முடியாதுங்க. எவனாவது ஒருத்தன் சொதப்பிடுவான்" என்றார். போகும்போது வீட்டுக்கு ஒரு வெள்ளைத் துணிப்பை வேறு கொடுத்தார். கெட்டியான பை. இரண்டு பக்கமும் சிவப்பில் கம்பெனி பெயர்.

மீட்டிங் இரண்டாகப் பிரிந்தது. பிள்ளைகளுக்கு நல்லதுதானே என்று பாதிப் பேர். தப்பு என்று எப்படிச் சொல்வது? கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். இந்த சீசன் லீக்கில் இரண்டாவது டிவிஷனில் நின்றால் டீம் நம்முடையது. கீழே இறங்கினால் கொடுத்துவிடலாம்.

நிற்பதா இறங்குவதா என்று சொல்லப்போவது கடைசி மேட்ச். அதற்கு ஜெர்ஸி துவைக்கிற முறை யாருக்கு? வேறு யாருக்கு!

வெள்ளிக்கிழமை டேவிட் ஜெர்ஸி மூட்டையைக் கொண்டுவந்து கொடுத்தான். என்கூடப் படித்தவன். மறைமலைநகரில் வேலை, டீமுக்குச் செகரட்டரி. கம்பெனி பஸ்ஸிலிருந்து பாதி இறங்கியபடியே, "மச்சான், தொவச்சிக் காயப்போடு, அவ்ளோதான். ஜாஸ்தியா ஒண்ணியும் பண்ணாத" என்றான். என்னைத் தெரிந்தவன். தெரிந்தும் கொடுத்தான் பாருங்கள்.

இனி சனிக்கிழமை மத்தியானத்துக்கு வருவோம்.

முதலில் ஜெர்ஸி பிரின்ட் போடும் கடைக்கு போன் செய்தேன். திங்கட்கிழமைதான் என்றார்கள். அப்புறம் ஒரு கால் மணி நேரம் வேறு யாரிடமும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தேன். பொய் சொல்லலாமா என்றுகூடத் தோன்றியது. வாஷிங் மெஷின் மேல் பழி போட்டால் என்ன? அது வந்து மறுக்கவா போகிறது?

"டேவிட் அண்ணனுக்கு நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்றாள் கலா.

சொன்னேன். மெதுவாக, "அந்தாளு கரெக்டாத்தான் சொன்னான்டா... எவனாவது ஒருத்தன் சொதப்பிடுவான்னு" என்றான். திட்டியிருந்தால் தேவலை. "இன்னா பண்றதுன்னு எனுக்குத் தெரியல. அக்காவாண்ட போ."

கருங்குழிக்கு ஸ்கூட்டரைக் கிளப்பினேன். பின்னால் கலா, மடியில் ஜெர்ஸி. பாலாற்றுப் பாலத்தில் ஒரு லாரி பிரேக்டவுன். வண்டிகள் நகரவில்லை. வாட்சைப் பார்த்தேன். ஒரு நிமிஷம் கழித்து மறுபடி பார்த்தேன். என் அப்பா ஒரு நொடியில் வாங்கிக் கொடுத்த உரிமையை நான் ஒரு மத்தியானத்தில்... அடிவயிற்றைப் பிசைந்தது. எனக்கு மட்டும் போனால் பரவாயில்லை, ஊருக்கே அல்லவா போகிறது?

மெஹருன்னிசா அக்கா ஜெர்ஸியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "இன்னாய்யா, அப்பளமாட்டம் பொரிச்சி வெச்சிகீற?" என்றார். அவ்வளவுதான். அப்புறம் புது நம்பர் வெட்டித் தைக்கத் துணி தேடினார். அவரிடம் இருந்ததெல்லாம் கலர் கலராக லைனிங் துண்டு. எல்லா நம்பரும் ஒரே கலரில் இருக்க வேண்டும், அதுவும் தூரத்திலிருந்து தெரிய வேண்டும். பக்கத்துத் துணிக்கடையில் அன்றைக்குப் பார்த்துப் பூட்டு.

ஆணியில் வெங்காயத்தோடு ஒரு பை தொங்கியது. வெள்ளைப் பை. அக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். வெங்காயத்தைத் தரையில் கொட்டினார். தையலைப் பிரித்து, துணியைத் திருப்பினார். உள்பக்கம் சுத்த வெள்ளை.

"இந்தப் பை எல்லார் வூட்லயும் கீதில்ல? போய் வாங்கினு வா."

கேட்கச் சுலபமாக இருக்கிறது. ஒவ்வொரு வாசலிலும், "எதுக்கு பை?" என்பார்கள். ஒவ்வொரு வாசலிலும் நான் செய்ததைச் சொல்ல வேண்டும். சொன்னேன். ஒருத்தர் தலையில் அடித்துக்கொண்டார். ஒரு அம்மா, "உங்க அம்மா இருந்திருந்தா இப்டி ஆவுமா?" என்று கேட்டே விட்டார். ஆனாலும் பை கொடுக்காத வீடு இல்லை. டீமை ப்ரமோட்டரிடம் கொடுத்துவிடலாம் என்று மீட்டிங்கில் கத்தியவர்கூட, உள்ளே இருந்த ரேஷன் அரிசியைக் கொட்டிவிட்டுப் பையை நீட்டினார். கேட்காமலே கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு இரண்டு பெண்கள் பின்னாலேயே வந்தார்கள். தையல் மிஷின் இருந்த இன்னொரு வீட்டிலும் விளக்குப் போட்டார்கள்.

நான் ஓர் ஓரமாகக் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். அக்கா தலையைத் தூக்காமலே கேட்டார்.

"நீ இன்னா தர?"

ஊசிக்கு நூல் கோத்துத் தந்தேன். அதற்குமேல் எதையும் என்னிடம் கொடுக்க யாருக்கும் தைரியம் வரவில்லை. ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்குள் பன்னிரண்டும் முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை. கடல்காற்றில் நெட் ஆடிக்கொண்டிருந்தது. ரெஃப்ரி ஒவ்வொரு ஜெர்ஸியாக விரலால் தொட்டுப் பார்த்தார். ஐந்தாம் நம்பரின் ஓரத்தைச் சுரண்டியும் பார்த்தார். நான் கலாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் தலையாட்டிவிட்டு நகர்ந்த பிறகும் விடவில்லை.

முன்வரிசை பிளாஸ்டிக் சேரில் ப்ரமோட்டர்.

முதல் செட் போனது. அடுத்த இரண்டு வந்தது. நாலாவது போனது. அதற்குள் பசங்கள் எல்லாரும் வியர்வையில் தொப்பலாக நனைந்துவிட்டார்கள். அப்போதுதான் பார்த்தேன். நனைந்த வெள்ளைத் துணிக்குள்ளிருந்து சிவப்பாக ஏதோ தெரிகிறது. கம்பெனி பெயர்! இடம் வலமாக, வலம் இடமாக, கண்ணாடியில் பார்ப்பதுபோல. ப்ரமோட்டர் தலையை ஒருபக்கம் சாய்த்து, அப்புறம் மறுபக்கம் சாய்த்துப் படிக்கப் பார்த்தார்.

ஐந்தாவது செட். பதினாலுக்குப் பதிமூன்று, எங்கள் சர்வீஸ், இன்னும் ஒரே பாயின்ட் போதும். ஏழாம் நம்பர் பந்தைத் தரையில் தட்டுகிறான். முதுகில் ஏழின் மேல்முனை தையல் விட்டு, காற்றில் படபடக்கிறது. அய்யய்யோ... ரெஃப்ரி பார்த்து நிறுத்திவிட்டால்? பிய்ந்து விழுந்துவிட்டால்? நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஓனர் கண்ணை மூடிக்கொள்ளலாமா? தெரியாது. மூடிக்கொண்டேன்.

கலா என் தோளில் அறைந்தபோதுதான் திறந்தேன். பக்கத்தில் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள். டேவிட்.

டீம் நின்றது. எங்களுடையதாகவே.

ப்ரமோட்டர் நல்ல மனுஷன். எழுந்து வந்து டேவிட்டுக்குக் கை கொடுத்தார். "உள்ள நம்ம பேரு மாதிரி தெரியுதே?" என்றார்.

"ஆமா சார். ஜெர்ஸில பேர் வேணும்னு நீங்கதான கேட்டீங்க?" என்றான் டேவிட், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

ஒன்று நம்முடையது என்றால் அதனால் நமக்கு என்ன லாபம் என்று கேட்பவர்கள் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு நின்ற அந்த நிமிஷத்தில் எனக்குப் பதில் தெரிந்தது. ஒரு லாபமும் கிடையாது. அடிவயிற்றைப் பிசைகிறதே, அதுதான் பட்டா.

எல்லாரும் வேனில் ஏறும்போது மெஹருன்னிசா அக்கா என்னைக் கூப்பிட்டார். போச்சு, இனி உன் முறை கிடையாது என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"அடுத்த சீசனுக்கு நீ இன்னா தர?"

"தொவச்சித் தரேன்க்கா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"செரி, தொவ" என்றார். "அந்த இஸ்திரிப் பெட்டிய மட்டும் கொணாந்து எங்க வூட்ல வெச்சிட்டுப் போ."

மன்னிக்கவும் வாசகர்களே... இந்த வாரம் மேலே இருக்கும் என் போட்டோவில் சட்டை கொஞ்சம் கசங்கித்தான் இருக்கும்.