பத்து நாள் முன்னதாக

அந்த டிரேட்மார்க் வக்கீல் அலுவலகத்தில் அவளுக்குக் ‘கெடு அக்கா’ என்று பெயர். எந்த வாடிக்கையாளரின் சின்னத்தை எந்த நாட்டில் எந்தத் தேதிக்குள் பதிவுக்குக் கொடுக்க வேண்டும் என்று நீல நோட்டில் குறித்துவைப்பது வேலை. இருபத்திரண்டு வருடமாகிவிட்டது. கல்யாணம், காய்ச்சல், மாமியார் சாவு எல்லாம் அந்த நோட்டின் பக்கங்களுக்கு நடுவேதான் வந்துபோயின.

அவளிடம் ஒரு பழக்கம். கடைசி நாள் இருபது என்றால் நோட்டில் பத்து என்று எழுதுவாள். எதையும் கடைசி நிமிடத்தில் செய்யும் வக்கீலைக் காப்பாற்ற அந்தப் பத்து நாள் வேண்டியிருந்தது. போகப்போக அது வக்கீலுக்கும் தெரிந்துவிட்டது.

கணவருக்குக் கண் ஆபரேஷன். இரண்டு வாரம் லீவு போட்டாள். தன் நாற்காலியில் உட்காரப் போகிறவர் குழம்பக் கூடாதே என்று, அந்த இரண்டு வாரத்துக்குள் வந்த ஒரே கெடுவை, ஷூ பட்டறை நடத்தும் செருப்புக்கார அம்மாவின் கெடுவை, உண்மைத் தேதியாகவே எழுதினாள். அதை வக்கீலிடம் சொல்லத்தான் மறந்துபோனாள்.

திரும்பி வந்தபோது அந்தக் கோப்பு வக்கீலின் மேஜையிலேயே கிடந்தது.

“என்ன தம்பி, இது இன்னும் போகலையா?”

“இன்னும் ஒரு வாரம் இருக்கேக்கா. உங்க தேதி எனக்குத் தெரியாதா?”

அவள் நோட்டைப் புரட்டிப் பார்த்தாள். மூன்று நாள் முன்பே கெடு முடிந்திருந்தது.

உள்நாட்டில் விண்ணப்பித்த ஆறு மாதத்துக்குள் வெளிநாட்டிலும் விண்ணப்பித்தால், அங்கும் அந்த முதல் தேதியே கிடைக்கும். இப்போது அது போயிற்று. அன்றே அனுப்பியும் பயனில்லை. இரண்டு மாதம் முன்பே அந்த நாட்டு வியாபாரி ஒருவன் அதே சின்னத்துக்கு விண்ணப்பித்திருந்தான் என்று பதில் வந்தது.

“அங்க இருக்கிற ஏஜெண்ட் லேட் பண்ணிட்டார்னு சொல்லிடலாம்கா,” என்றார் வக்கீல், அவள் முகத்தைப் பார்க்காமல்.

செருப்புக்கார அம்மா வந்ததும் கெடு அக்கா நோட்டை விரித்துக் காட்டினாள். “ஏஜெண்ட் மேல தப்பில்லைம்மா. தப்பு இங்க. எழுதினது நான்.” வக்கீல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு மெதுவாக, “அதை அனுப்பாம விட்டது நான்மா,” என்றார்.

அந்த அம்மா இருவரையும் திட்டவில்லை. வியாபாரியின் விண்ணப்ப நகலை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். ஷூ போட்ட குருவி. அந்த அம்மாவின் கணவர் வலக்கை விழுந்தபின், படுத்த படுக்கையில், இடக்கையால் வரைந்தது. அலகு கோணியிருக்கும்.

“மூக்கைக்கூட விடலையே. அவனுக்கும் பக்கவாதமா?” என்றாள். குரல் அப்போதுதான் உடைந்தது.

“எதிர்ப்பு மனு போடலாம்மா. ரெண்டு மூணு வருஷம் இழுக்கும். ஜெயிப்போம்னு வாக்குக் குடுக்க முடியாது,” என்றார் வக்கீல்.

“தைச்சு வெச்ச சரக்கு?”

“குருவி இல்லாமத்தான் அந்த நாட்டுக்குப் போகணும்.”

ஆயிரத்து இருநூறு ஜோடி. ஒவ்வொன்றிலும் நூலால் தைத்த குருவி.

ஞாயிற்றுக்கிழமை காலை கெடு அக்கா, யாரும் கூப்பிடாமலே, குருவிகளைப் பிரிக்க அந்த அம்மாவின் பட்டறைக்குப் போனாள். கறுப்புக் கண்ணாடியோடு கணவரும் கூடவே வந்து ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார்.

“என் கண்ணைச் சரிபண்ணிட்டு உன் கண்ணைக் கெடுத்துக்கிறியா?”

“பேசாம உட்காருங்க.”

நூலைப் பிரித்தாலும் ஊசி போன துளைகள் மட்டும் குருவியாகவே நின்றன. அவற்றின் மேல் ஒட்டுத்துணி வைத்துத் தைத்தார்கள். மதியத்துக்குள் அவள் முதுகு விட்டுப்போயிற்று. நாற்பது ஜோடிகூட முடியவில்லை.

அடுத்த ஷூவில் ஊசியை வைக்கும்போது அந்த அம்மா அவள் கையைப் பிடித்தாள்.

“இந்த ஜோடியை விட்டுடுங்க. மனுவோட சாட்சியா அனுப்பணும்ல. எந்தத் தேதிக்குள்ள?”

அவள் சொன்னாள்.

“இது நிஜத் தேதியா, உங்க தேதியா?”

“நிஜத் தேதிம்மா. நாளைக்கே அனுப்பிடறேன்.”

அந்த அம்மா ஜோடியை முந்தானையால் துடைத்து அலமாரியில் வைத்தாள். கெடு அக்கா கண்ணைக் கசக்கிக்கொண்டு அடுத்த ஷூவை மடியில் எடுத்துவைத்தாள்.