கூரையில் இரண்டு தட்டு

மகனுடைய பிக்கப்பின் பழைய கியர்பொக்ஸ் ஒரு வாரமாக முற்றத்தில் கிடக்கிறது. அதிலிருந்து வடியும் எண்ணெயின் வாசம் குசினிவரை வருகிறது. எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை.

அவன் முல்லைத்தீவிலிருந்து வவுனியாவுக்கு மீன் ஏற்றுகிறவன். ஐஸ் கரைய முன்னம் போய்ச் சேரவேண்டுமாம். அதற்காக நாலு கியரை ஐந்தாக்கி, பின் அச்சின் பற்சக்கரங்களையும் வேகத்துக்கு ஏற்றபடி மாற்றிவிட்டான்.

"ஓடுறதுக்கு எல்லாம் மாத்திப்போட்டாய். நிக்கிறதுக்கு என்ன மாத்தினனீ?"

"பழைய பிரேக்கே போதும் அப்பா. நீங்கள் சும்மா பயப்பிடுறியள்."

சும்மா பயப்படுகிறவன்தான் நான். அந்தப் பயத்துக்குச் சம்பளமும் வாங்கியிருக்கிறேன்.

யுத்தத்தில் பெற்றோல் கிடைக்காத காலத்தில் எங்கள் கூட்டுறவுச் சங்கத்துப் பிக்கப் மண்ணெண்ணெயில் ஓடியது. ஒரு மூடி பெற்றோல் விட்டு உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். அதன் வேகத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். ஒருமுறை வற்றாப்பளைக் கோயில் பொங்கலுக்குச் சைக்கிளில் போன ஒரு பெண் எங்களை முந்திக்கொண்டே, "அண்ணை, இறங்கித் தள்ளிவிடட்டோ?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மேசை வேலை என்று நம்பித்தான் சங்கத்தில் சேர்ந்தேன். கிளிநொச்சியிலிருந்து தண்ணீரூற்றுக்கு கோதுமை மா மூட்டை ஏற்றும் நாட்களில் மூட்டைகளின்மேல் நின்று வானம் பார்ப்பதும் என் வேலையாயிற்று. இயந்திரச் சத்தத்தில் சாரதி மணியண்ணைக்குக் குண்டு போட வரும் கிபிர் விமானம் கேட்காது. நான் கண்டால் வண்டிக் கூரையில் இரண்டு தட்டு. வண்டி மரத்தின்கீழ் நிற்கும். நாங்கள் வாய்க்காலுக்குள் கிடப்போம்.

நான் தட்டியதில் பாதி கொக்கு.

"தம்பி, கொக்குக்கும் கிபிருக்கும் வித்தியாசம் தெரியேல்லையே உனக்கு?" இடுப்புச் சாரத்திலிருந்த சேற்றை உதறியபடி மணியண்ணை கேட்பார். அடுத்த முறை தட்டினாலும் நிற்பார். இதுவும் கொக்குத்தான் என்று நினைத்து ஒருநாளும் ஓடியதில்லை.

நேற்றுப் பின்னேரம் மகன் வந்து, "ஏறுங்கோ, ஒருக்கா ஓடிப் பாப்பம்" என்றான். மாங்குளம் வீதியில் ஐந்தாம் கியர் விழுந்ததும் இயந்திரத்தின் இரைச்சல் அடங்கிவிட்டது. வேகம் காட்டும் முள் மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. தூரத்தில், சூடு ஆறாத தாரில், மாடுகள் படுத்திருந்தன. கை தானாக யன்னலுக்கு வெளியே போய்க் கூரையில் இரண்டு முறை தட்டியது.

"என்னப்பா, தாளம் போடுறியளே?" சிரித்தபடி வீதியை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தான்.

"மாடு!"

பிரேக் கத்தியது. வண்டி ஒருபக்கம் இழுத்து, மறுபக்கம் இழுத்து, ஒரு சிவலைப் பசுவின் கொம்புக்குச் சாண் தூரத்தில் நின்றது. பசு எழும்பவுமில்லை, அசைபோடுவதை நிறுத்தவுமில்லை.

அவன் இயந்திரத்தை நிறுத்தினான்.

"நாளைக்கே பிரேக் வேலைக்கு விடுறன்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் ஐஞ்சாம் கியர் போடமாட்டன்." வண்டியைத் திரும்ப எடுத்தபடி, "ஏனப்பா கூரையில தட்டினனீங்கள்?" என்றான்.

அந்தச் சங்கத்துப் பிக்கப் கடைசி இடப்பெயர்வில் கடற்கரை மணலில் கைவிடப்பட்டது. மணியண்ணையும் திரும்பி வரவில்லை. கொக்கைக் கண்டு தட்டினாலும் நின்றுவிடுகிற வண்டி இனி இந்த வீதியில் வராது என்பதை அவனுக்கு எங்கிருந்து தொடங்கிச் சொல்வது?

"நிக்கச் சொன்னனான்" என்று மட்டும் சொன்னேன்.